"கெடக்கு" என்று சொல்லிப் பழகிய வாய்

1

நான் இங்கிலாந்துக்கு வந்து நேற்றோடு ஆறு வருடம் முடிந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். போடியிலிருந்து என் கூட்டாளி காசி போன் போட்டான். போடிமெட்டுப் பாதையில் இன்னும் ஜீப்பு ஓட்டுகிறவன்.

"ஆறு வருசமா அங்கிட்டே கெடக்கியே மாப்ளே, இங்கிலீசு எப்படி இருக்கு?"

"கெடக்கு மாப்ளே."

"அப்ப நல்லாத்தான் வந்திருக்கு," என்று சிரித்தான்.

இந்த ஒரு வார்த்தை இந்த வருடம் என் வீட்டில் பண்ணிய கூத்தை ஊர்க்காரர்களுக்கு எழுதிப் போடச் சொல்லி என் மனைவி மலர் ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதைத் திருத்தி அச்சில் ஏற்றப்போகிறவர் யாரோ, அவருக்கு என் அனுதாபங்களை முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

நாங்கள் இருப்பது ஒரு கடலோர ஊர். மலர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் விசாவில் தொற்றிக்கொண்டு வந்த உருப்படிகள் இரண்டு. ஒன்று எங்கள் மகள் தேன்மொழி, அப்போது வயது ஒன்பது. இன்னொன்று நான். அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் போர்வை உலர்த்துகிறேன். ஊரில் இருந்தவரை போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தினேன். ஏழு கடல் தாண்டி நான் அடைந்த முன்னேற்றம் இவ்வளவுதான். காய் போய்ப் போர்வை வந்தது.

காய் உலர்த்தும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்போம். பறித்துக் கொண்டுவந்த பச்சைக் காயைக் கழுவி, தட்டுகளில் பரப்பி, விறகடுப்பு மூட்டி, அந்தச் சூட்டிலேயே ஒரு நாள் வைக்க வேண்டும். காய் காயவேண்டும், பச்சை நிறம் மட்டும் போகக்கூடாது. சூடு குறைந்தால் பூசணம் பூத்துப்போகும், கூடினால் வெளுத்துப்போகும். வெளுத்தால் விலை இல்லை.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காய் உள்ளே இருக்கும்போது அதை யாரும் "நல்லா இருக்கு" என்று சொல்லக்கூடாது. கண் பட்டுவிடும். முதலாளியே வந்து, "காய் எப்படிரா வருது?" என்றாலும், "கெடக்குங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்ல வேண்டும். அவருக்குப் புரிந்துவிடும், சந்தோசமாக இறங்கிப் போய்விடுவார். நான் "பரவாயில்லங்க" என்று சொன்னால்தான் பதறிப்போய்க் கதவைத் திறப்பார்.

ஒரே ஒரு தடவை நான் சட்டத்தை மீறினேன். புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் ஒருவர் மத்தியானம் வந்து கேட்டபோது, என்ன நினைப்பிலோ, "சூப்பரா வந்திருக்கு சார்!" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் மொத்த லோடும் வெளுத்துக் கிடந்தது. "வாய வச்சுட்டான் பாண்டி" என்று மலை முழுக்கப் பேச்சு. அன்றிலிருந்து நல்லது எதையும் நான் நல்லது என்று சொல்வதில்லை. என் கல்யாணத்தில் சாப்பாடு எப்படி என்று கேட்டவர்களிடம்கூட "கெடக்கு" என்றேன். மாமனார் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

2

இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட வேண்டுமென்றால் இங்கிலீஷில் பேசிக் காட்டும் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். மலர் எப்போதோ தேறிவிட்டாள். நான் போன தடவை தவறிவிட்டேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் உட்கார்ந்த முதல் பரீட்சை அது. பழைய ராசியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஆகவே செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்தில் நடக்கும் வகுப்புக்குப் போகிறேன். சொல்லிக்கொடுப்பது மார்கரெட் அம்மா. ஓய்வு பெற்ற டீச்சர். முழங்காலில் ஆபரேசன் செய்து, கைத்தடியோடு வருகிறவர். ஒரு நாள் அவர் பலகையில் "லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்" என்று எழுதினார். ஒன்று கிடுகிடுவென்று முன்னேறினால் அப்படிச் சொல்வார்களாம், தாவித் தாவிப் போகிறது என்கிற மாதிரி. உதாரணமும் அவரே சொன்னார்: "என் முழங்கால் லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸில் முன்னேறுகிறது." சொன்ன கையோடு மேசையை இரண்டு தட்டுத் தட்டினார்.

ஏன் தட்டினீர்கள் என்று கேட்டேன்.

நல்லதைச் சொன்னால் மரத்தைத் தொடவேண்டும், இல்லையென்றால் அது கெட்டுப்போகும் என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இவர்களுக்கும் கண் பயம் இருக்கிறது! ஆனால் ஒரு வித்தியாசம். இவர்கள் சொல்லிவிட்டு மரத்தைத் தொடுகிறார்கள். நாங்கள் சொல்லாமலே விட்டுவிடுகிறோம்.

வீட்டுப்பாடம், அதை வைத்துப் பத்து வாக்கியம். எல்லாம் அன்றாடம் பேசுவதாக இருக்கவேண்டும், உண்மையாக இருக்கவேண்டும். பத்தாவது வாக்கியம் மட்டும் சொந்த வீட்டு ஆள் ஒருவரைப் பற்றி. அதை வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும்.

ஒன்பது வாக்கியத்தைச் சலவைக்கூடத்தில் டீ குடிக்கிற நேரத்திலேயே எழுதிவிட்டேன். என் வயிறு லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸில் வளர்கிறது. வீட்டு வாடகை லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸில் ஏறுகிறது. பக்கத்து வீட்டு நாய் லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸில் வருகிறது. இதற்கு மட்டும் மார்கரெட் அம்மா, "அது முன்னேறவில்லை, உன்னைக் கடிக்க வருகிறது" என்று அந்த வரியை அடித்துவிட்டார்.

பத்தாவது இடத்தில் மகள் பெயரை எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. காய் இன்னும் ஸ்டோருக்குள் இருக்கும்போது எப்படிச் சொல்வது? வகுப்பில் என் முறை வந்தபோது வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். வயிறுதான் வளர்கிறது என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்ததால் நம்பிவிட்டார்கள்.

3

தேன்மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவளைத் "தேன்" என்று மட்டும் கூப்பிடுகிறார்கள். மொழியை விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று நான் கேலி பேசுவதுண்டு. ஆனால் உண்மையில் அப்படித்தான் ஆனது. போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு கதை சொல்லிக் காசியின் காதைப் புண்ணாக்கிய பிள்ளை, இங்கே வந்து ஒன்றரை வருடம் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. டீச்சர் அவளுக்குப் படம் போட்ட அட்டைகள் செய்து கொடுத்திருந்தார். தண்ணீர்க் குவளை, கழிப்பறை, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை. வேண்டியதை விரலால் தொட்டுக் காட்டுவாள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினைந்து வயது. எங்களோடு பேசுவதில் பாதி இங்கிலீஷ், மீதி தோள் குலுக்கல். பள்ளிக்கூடத்தில் பேசுகிறாள் என்று தெரியும். எவ்வளவு பேசுகிறாள் என்று தெரியாது.

வருடா வருடம் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் சாயங்காலம் ஒன்று உண்டு. பெரிய கூடம். வாத்தியார்கள் ஆளுக்கொரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஐந்து நிமிடம். பிள்ளையும் பக்கத்திலேயே உட்கார வேண்டும். மலருக்கு அன்று டியூட்டி. நானும் தேன்மொழியும்தான் போனோம்.

இங்கிலீஷ் டீச்சர் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "தேன் இந்த வருடம் லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸில் முன்னேறியிருக்கிறாள்!" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும் என்கிற பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெளிநாடுகளிலிருந்து வந்து புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு வைத்திருக்கிறார்களாம். அங்கே மேடையேறி, தான் பேசாமலிருந்த நாட்களைப் பற்றிப் பேசத் தேன்மொழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். பிறகு என்னைக் கேட்டார், "வீட்டில் எப்படி? உங்களுக்கும் அப்படித்தானே தெரிகிறது?"

ஓரக்கண்ணால் பார்த்தேன். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் அத்தனை பேர். அத்தனை கண். ஸ்டோர்க் கதவு திறந்து கிடக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"நோ, நோ மிஸ்," என்றேன் சிரித்துக்கொண்டே. "ஹோம், நோ லீப்ஸ். நோ பவுண்ட்ஸ். வெரி ஆர்டினரி கேர்ள். டாக்கிங் ஜீரோ."

போடியாக இருந்தால் எதிரில் இருப்பவரும் சிரித்திருப்பார். "ஆமாமா, என் வீட்டுலயும் ஒரு தண்டம் இருக்கு" என்று தன் பிள்ளையைப் பற்றியும் சந்தோசமாக நாலு திட்டுத் திட்டியிருப்பார். இந்த டீச்சர் சிரிக்கவில்லை. தேன்மொழியை ஒரு தரம் பார்த்தார். குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

பஸ்சில் அவள் ஜன்னலோரம். நான் பக்கத்தில். நாலு நிறுத்தம் தாண்டியது.

"நான் ஜீரோவா ப்பா?"

"ஏ ஆத்தா, அது சும்மா சொல்றதுத்தா. கண்ணு பட்டுறக்கூடாதுல்ல..."

"மிஸ்சோட கண்ணா?"

அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எங்கள் நிறுத்தத்தில் நான் இறங்குவதைப் பார்த்துத்தான் எழுந்து வந்தாள்.

4

நாலு நாள் கழித்துத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. இந்த நாட்டில் எனக்குக் கடிதம் என்றாலே கை வேர்க்கும். எந்த உறையில் என்னைத் திருப்பி அனுப்பும் சேதி இருக்குமோ தெரியாது. மலர் பிரித்து வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறியது.

"என்ன சொன்னீங்க அங்க போயி?"

"ஒண்ணும் சொல்லலியே. சும்மா ரெண்டு வார்த்தை..."

"வீட்டுல புள்ளைக்கு மன அழுத்தம் இருக்கான்னு கேட்டிருக்காங்க. மேடையில பேச மாட்டேன்னு அவ போயி டீச்சர்ட்ட சொல்லிட்டாளாம். 'எனக்கு அந்த அளவுக்கு முன்னேற்றம் இல்ல'ன்னு சொல்லியிருக்கா. ரெண்டு நாளுக்குள்ள முடிவு சொல்லணுமாம், இல்லேன்னா வேற புள்ளைய ஏத்திருவாங்க."

"நம்ம பக்கம் சொல்ற மாதிரி 'கெடக்கு'ன்னுதான் சொன்னேன் மலரு. இங்கிலீசுல அதுக்கு வார்த்தை இல்ல. அதான்..."

"மதி!" என்றாள் மலர். அவள் கேரளா பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவள். கோபம் தலைக்கேறினால்தான் மலையாளம் வரும். போதும் என்று அர்த்தம். "அந்தப் புள்ள வாயத் தொறக்க நான் ஒன்றரை வருசம் பட்ட பாடு எனக்குத் தெரியும். டியூட்டி முடிஞ்சு வந்து, அட்டைய வச்சுக்கிட்டு அவகூட ஒக்காந்து ஒக்காந்து... அத நீங்க ஒரு நிமிசத்துல மூடிட்டு வந்திருக்கீங்க. ஒங்க வாயி என்ன வாயா, இல்ல கொட்டாவி விட மட்டும் வச்சிருக்கீங்களா?"

கடிதத்தோடு ஒரு படிவம் இருந்தது. பிள்ளையின் முன்னேற்றம் பற்றிப் பெற்றோர் கருத்து என்று ஒரு பெரிய கட்டம். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு, பிள்ளையின் கையெழுத்துக்கு ஒரு கோடு. தானே நிரப்பிக் கொடுப்பதாக மலர் பேனாவை எடுத்தாள். எடுத்தவள் என்ன நினைத்தாளோ, படிவத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

அறைக்கதவைத் தட்டி, "தேனு, சாப்பிட வா ஆத்தா" என்றேன். "பசிக்கல" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அது இங்கிலீஷில் வந்தது.

5

மறுநாள் எனக்கு விடுமுறை. காசிக்குப் போன் போட்டேன். ஆறுதல் சொல்வான் என்று நினைத்தேன். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, "நமக்குத் தெரியும்ல மாப்ளே, நல்லா இருக்குன்னு வாய வச்சா என்ன ஆகும்னு. அன்னைக்கு ஸ்டோர்ல என்ன ஆச்சு? சூப்பர்னேன், மொத்தக் காயும் வெளுத்துச்சுல்ல?" என்றேன்.

ஜீப்பை எங்கோ ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது.

"ஏப்பு பாண்டி, ஒன்னு கேக்குறேன். இத நீ நெசமாவே நம்புறியா?"

"என்னாத்த?"

"நீ சூப்பர்னு சொன்னதுனாலதான் காய் வெளுத்துச்சுன்னு."

"பின்ன?"

"அடேய்! அன்னைக்குச் சூப்பர்வைசர் கெளம்புன ஒடனே அடுப்புல நாலு கட்டையச் சேத்துத் தள்ளிட்டுச் சாக்குமேல படுத்தவன் நீ. ஆளுகள எறக்க வந்த நாந்தான எழுப்பிவிட்டேன்? அடுப்பு செவந்துபோயிக் கெடக்கு, நீ கொறட்ட விட்டுக்கிட்டு இருக்க. வெளிய சொல்லாத மாப்ளேன்னு என் கையப் பிடிச்சல்ல?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஊர்க்காரன் 'வாய வச்சான்'னு சொன்னான். நீயும் ஆமான்னுட்ட. ஒனக்கும் சோலி மிச்சமாப் போச்சு. தூங்குனது நீ, பழி ஒன் வாய்க்கு. இப்ப அத அந்தப் பச்சப்புள்ள தலையில வேற கட்டுறியாக்கும். வையி போன, பின்னாடி பஸ்சுக்காரன் ஆரன் அடிக்கிறான்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தூக்கம் எனக்கு மறந்தே போயிருந்தது. இத்தனை வருடம் கண் பட்ட கதையையே சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். மலையில் மற்றவர்கள் "கெடக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்தார்கள். நான் "கெடக்கு" என்று சொன்னதோடு சரி.

இங்கே வந்த பிறகும் அதைத்தான் செய்திருக்கிறேன். மகள் அட்டையைத் தொட்டுக்கொண்டிருந்த ஒன்றரை வருடமும் பக்கத்தில் உட்கார்ந்தது மலர். நான் சோபாவில் படுத்துக்கொண்டு, "தானா வரும், பேசாம விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் கண்ணே படாத பிள்ளைக்கு ஊர்க் கண் பட்டுவிடும் என்று பயந்திருக்கிறேன்.

படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்தேன். பத்தாவது வாக்கியம். ஒற்றை வரி. அதற்கு மூன்று தாள் செலவானது. பிறகு கட்டத்துக்குள் எழுதினேன்.

மை டாட்டர் இஸ் கமிங் ஆன் இன் லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்.

அவ்வளவு பெரிய கட்டத்தில் அது ஒரு ஓரத்தில் கிடந்தது. இன்னும் இடம் இருக்கிறதே என்று அடியில் இன்னொன்றும் எழுதினேன். இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காதது. ஐ டெல் ராங் இன் ஸ்கூல். சாரி.

எழுதி முடித்தேன். மேசையை இரண்டு தட்டுத் தட்டினேன்.

தேன்மொழி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "ஒன் கையெழுத்து வேணும் ஆத்தா" என்று நீட்டினேன். நின்றபடியே வாசித்தாள். திரும்ப வாசித்தாள். ஒரு வரிக்கு இவ்வளவு நேரம் ஆகாது.

"அன்னைக்கு ஏன் இதச் சொல்லல?"

"பயம்த்தா."

"எதுக்கு?"

ஸ்டோர்க் கதையைச் சொன்னேன். சாக்குமேல் படுத்ததையும் விடாமல் சொன்னேன். மலருக்கே அதுவரை சொல்லாதது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்போ ஒங்க முதலாளி கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவே இல்லையா?"

"கண்டுபிடிச்சிருந்தா ஒங்க ஆத்தாள எனக்குக் கட்டி வச்சிருப்பாங்களா?"

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். படிவத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அறைக்குப் போகிற வழியில் திரும்பிப் பார்க்காமல், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் லீவு கெடைக்குமா ப்பா?" என்றாள்.

6

வெள்ளிக்கிழமை மலரும் நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றி, வந்து இறங்கிய களைப்பு மாறாத குடும்பங்கள். எனக்கு முன்னால் ஒரு அப்பா தன் மகனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

தேன்மொழி மேடைக்கு வந்தாள். கையில் பேச்சு எழுதிய தாள் இல்லை. பழைய அட்டைகள் இருந்தன. தண்ணீர்க் குவளை, கழிப்பறை, வயிற்றைப் பிடித்த பிள்ளை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள், வாயே திறக்காமல். கடைசி அட்டையை இறக்கி வைத்துவிட்டு, "ஒன்றரை வருடம் நான் பேசியது இவ்வளவுதான்" என்று ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அவள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. வேகம் அப்படி. ஜீப்பில் போடிமெட்டு இறங்கும்போது பேசிய அதே வேகம். "அம்மா" என்று தமிழில் சொன்னபோது மலர் மூக்கைத் துடைத்தாள். "அப்பா" என்றும் ஒரு இடத்தில் வந்தது. உடனே கூடம் மொத்தமும் சிரித்தது. என்ன சொன்னாள் என்று மலரைக் கேட்டேன். "வீட்டுக்குப் போயிச் சொல்றேன்" என்றாள். இன்னும் சொல்லவில்லை.

முடிந்ததும் அந்த இங்கிலீஷ் டீச்சர் எங்களிடம் வந்தார். தேன்மொழியும் வந்து நின்றாள். டீச்சர் கொஞ்சம் தயக்கத்தோடு என்னைப் பார்த்தார். "இப்போது என்ன நினைக்கிறீர்கள்?" என்றார்.

மலரின் நகம் என் முழங்கையில் இறங்கியது.

"மை டாட்டர்," என்றேன், மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "இஸ் கமிங் ஆன் இன் லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்."

சொல்லிவிட்டேன். அத்தனை கண்ணுக்கு நடுவில் சொல்லிவிட்டேன். அவசரமாக மரத்தைத் தேடினேன். நாற்காலி பிளாஸ்டிக். மேசை இரும்பு. வேறு வழியில்லாமல் என் தலையையே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் தினமும் மரமண்டை என்றுதானே கூப்பிட்டார், அது இன்றைக்காவது உதவட்டும். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும்போது பஸ்சில் மலர் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். தேன்மொழி ஜன்னலோரம், நான் பக்கத்தில். ஹெட்போன் அவள் கழுத்தில்தான் கிடந்தது. நாலு நிறுத்தம் தாண்டியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தா, டீச்சர்ட்ட நான் பேசுன இங்கிலீசு எப்படி இருந்துச்சு?"

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகத்தை மட்டும் நன்றாகத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

"கெடக்கு," என்றாள்.